மொட்டை மாடியில் 19 காடை, எலி இல்லாமல்

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், மாடியில் தொப் தொப்பென்று சத்தம். பூனை ஏதோ கூண்டைப் புரட்டுகிறது என்று நினைத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். பூனை இல்லை. கூண்டுக்குள் காடைகள் நின்ற இடத்திலிருந்தே நேர் மேலே எகிறி எகிறி, கூரைக் கம்பியில் தலையை மோதிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டைக்கு உச்சந்தலைத் தோல் கிழிந்து ரத்தம் அலகு வரைக்கும் வழிந்திருந்தது. தீவனத் தட்டின் ஓரத்தில் ஒரு சுண்டெலி உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்ட பிறகும் அது உடனே ஓடவில்லை, இரண்டு முன்கையாலும் சோள நொறுக்கு ஒன்றைப் பிடித்துக் கடித்து முடித்துவிட்டு, கோழி வலையின் அறுகோணக் கண்ணி வழியாக உடம்பு உரசாமல் வெளியே போனது. வழி நன்றாகப் பழகிப்போன எலி அது.

அந்த வாரம் முட்டை பாதியாகக் குறைந்தது. காடைக்கு இருட்டில் பயம் வந்தால் மேலே எகிறுவது பிறவிக் குணம், அது பயந்தால் முட்டை நின்றுவிடும். எலி என்றால் தீவனம்தானே நஷ்டம் என்று அதுவரை இருந்துவிட்டேன். அது ரொம்பத் தப்பு.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில், வாடகை வீடு, முதல் மாடி. நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். கோழி வளர்க்க வேண்டும் என்று பல வருஷ ஆசை, ஆனால் வீட்டுக்காரப் பெரியம்மா கீழேதான் இருக்கிறார், கோழி என்றதும் வேண்டவே வேண்டாம் என்றார். காடை என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தார். "அது கூவுமா?"

"பெட்டை கூவாது பெரியம்மா, லேசா விசில் மாதிரிதான் சத்தம் கொடுக்கும்."

"நாத்தம் கீத்தம் வந்துச்சு, மறுநாளே எறக்கிரணும் ஆமா."

அந்தப் பேச்சின் பேரில் கிடைத்ததுதான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டித் திண்டுக்கு அடியில் ஆறடிக்கு நாலடி இடம். காற்றோட்டம் உண்டு, உச்சி வெயில் விழாது, மழைச் சாரல் மட்டும் ஒரு பக்கம் அடிக்கும், அந்தப் பக்கம் தார்ப்பாய் கட்டிவிட்டேன்.

வளர்ப்பது ஜப்பானியக் காடை. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கண்ணி வைத்துப் பிடித்த காட்டுக் காடையைக் கொண்டுவந்து விற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பண்ணைகளில் கிடைக்கும் நாமக்கல் காடை, நந்தனம் காடை எல்லாம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஜப்பானியக் காடை வகைகள்தான். அதில் தயங்காமல் வாங்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திண்டுக்கல்லிலும் இருக்கிறது, குஞ்சு வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வருவது நல்லது. நான் வாங்கிய பிறகுதான் போனேன்.

ஒரு நாள் வயதுக் குஞ்சு 40 வாங்கினேன், ஒன்று 10 ரூபாய். காடைக் குஞ்சு எவ்வளவு சின்னது என்று படத்தைப் பார்த்தால் தெரியாது, ஒன்று 7, 8 கிராம்தான் இருக்கும், பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரிய அட்டைப் பெட்டியில் 60 வாட் குண்டு பல்பு தொங்கவிட்டேன். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சு சரியாகச் சொல்லும்: பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பெட்டி முழுக்கப் பரவிக் கிடந்தால் சரியாக இருக்கிறது. இரண்டாம் நாளே ஒன்று தண்ணீர்த் தட்டில் விழுந்து செத்தது. கால் இஞ்ச் தண்ணீர்தான், அதற்கே மூழ்கிவிட்டது. உடனே தட்டு நிறையக் கோலிக்குண்டுகளைப் போட்டேன், இடுக்கில் இருக்கிற தண்ணீரைக் கொத்திக் குடிக்கும், விழாது. நாலாம் நாள் ராத்திரி கரெண்ட் போய் நான் தூங்கிவிட்டதில் மூன்று போயின. பழைய செய்தித்தாளை விரித்தால் வழுக்கிக் கால் அகன்று நொண்டியாகிவிடும், சாக்கு விரிக்க வேண்டும். குஞ்சுப் பருவத்துக்கு இவ்வளவு போதும், மூன்று வாரம் தாண்டிவிட்டால் காடை கெட்டி.

மூன்றாவது வாரத்தில் நெஞ்சைப் பார்த்தே பிரித்துவிடலாம். ஆணுக்கு நெஞ்சு முழுக்க ஒரே செம்பழுப்பு, பெட்டைக்கு வெளிறின நெஞ்சில் கறுப்புப் புள்ளி. எனக்கு 36-இல் 17 ஆண், 19 பெட்டை. ஆண்களை ஆறாவது வாரம் கறிக்குக் கொடுத்துவிட்டேன். சாப்பிடுகிற முட்டைக்கு ஆண் தேவையே இல்லை, வைத்துக்கொண்டால் விடியற்காலம் மூன்று மணிக்குக் கத்தும், பெட்டைகளின் பிடரியைக் கொத்தி மொட்டையாக்கும். ஏழாவது வாரம் முதல் முட்டை. நாளைக்கு 14, 15, சில நாள் 17 கூட வரும். காடை பெரும்பாலும் மதியம் மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் இடும், கோழி மாதிரி காலையில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எலி விஷயத்துக்கு வேண்டும்.

இப்போது எலி எப்படி வந்தது என்று பார்ப்போம். நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். கூண்டுக்கு மலிவு என்று அறுகோணக் கண்ணி வைத்த கோழி வலையைச் சுற்றினேன். கூண்டைச் சுவரோடு ஒட்டித் தரையில் செங்கல் மேல் வைத்தேன். கீழே எச்சம் விழ மரத்தூளைக் கொட்டிப் பரப்பினேன். 50 கிலோ தீவனச் சாக்கு பக்கத்திலேயே, வாயைச் சுருட்டி மேலே ஒரு பலகை. தீவனத்துக்கு அகலமான பிளாஸ்டிக் தட்டு, ராத்திரியும் நிறைய இருக்கும், பாவம் பசிக்குமே என்று. தின்ன தீவனம், கூடு கட்ட மரத்தூள், ஓடி வர சுவர், நுழைய வலைக்கண். சுண்டெலிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

எலிப் புழுக்கை கண்ணில் படுவதற்கு முன்பே கணக்கு காட்டிக்கொடுத்தது, நான்தான் கவனிக்கவில்லை. முட்டையிடும் காடை ஒரு நாளைக்கு 25 கிராம் போலத் தின்னும். 19 காடைக்கு 475 கிராம். 50 கிலோ மூட்டை 105 நாள் வரவேண்டும், எனக்கு 78 நாளில் தீர்ந்தது. ஒரு நாளைக்கு 640 கிராம் போயிருக்கிறது, 165 கிராம் எங்கே? அந்தத் தலை அடிபட்ட பெட்டைக்கு மஞ்சள் பூசி அட்டைப் பெட்டியில் தனியாக வைத்துவிட்டு, மறுநாள் காலை மரத்தூளை எல்லாம் அள்ளிவிட்டுக் கூண்டுக்கு அடியில் பழைய சேலையை மடிப்பில்லாமல் விரித்தேன். சாயங்காலம் சேலையை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கி, எச்சத்தை ஒதுக்கி, சல்லடையில் சலித்து, சமையலறைத் தராசில் போட்டேன். 130 கிராம்.

அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு சுண்டெலி நாளெல்லாம் தின்றாலும் 3, 4 கிராம்தான் தின்னும், மீதியைக் கீழே தள்ளியது என் காடைகள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், காடை தீவனத்தைத் தின்னும் விதமே அப்படி: அலகை உள்ளே விட்டு இடது பக்கம் ஒரு வீச்சு, வலது பக்கம் ஒரு வீச்சு, பிடித்த நொறுக்கு கிடைக்கும் வரை மற்றதையெல்லாம் வெளியே தள்ளும். அந்தச் சிதறலுக்குத்தான் எலி வருகிறது, வந்த பிறகு தட்டைக் கண்டுபிடிக்கிறது, தட்டுக்குப் பிறகு சாக்கை. கிலோ 40 ரூபாய்க்கு மாதம் 200 ரூபாய் போல இப்படிப் போயிருக்கிறது. அப்படியென்றால் சிந்தாமல் செய்தால் செலவும் குறையும், எலியும் வராது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பாடுபட வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு பக்கம் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பா தோப்பைக் கை காட்டினார். "தென்னைக்கு எதுக்கும்மா தகரம் கட்டுறோம்? வழுக்குனா ஏறாது. கூண்டைத் தரையில வச்சுக்கிட்டு எலியை வராதங்குறியே." சுற்றி இருந்த மரத்தில் எல்லாம் பளபளவென்று தகரம். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், கூண்டு செய்யும்போது தோன்றவே இல்லை.

புதுக் கூண்டு மூன்றடிக்கு இரண்டடி, உயரம் பத்து இஞ்ச். உயரத்தைக் கூட்டாதீர்கள், இரண்டடி மூன்றடி விட்டால் எகிறும்போது வேகம் பிடித்து மண்டை உடையும், பத்து இஞ்சில் அவ்வளவு வேகம் வராது, அதிலும் கூரைக்கு உள்பக்கம் பழைய கொசுவலைத் துணியை மடித்துத் தொய்வாகக் கட்டினேன். பக்கமும் மேலும் கால் இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த சதுரக் கம்பி வலை. இதில் மட்டும் காசு பார்க்கக்கூடாது, பென்சில் நுழைகிற சந்தில் சுண்டெலி நுழையும், மண்டை போனால் உடம்பு போய்விடும். ஆனால் அடிப்பக்கம் கால் இஞ்ச் போட்டால் எச்சம் அடைத்துக்கொள்ளும், அரை இஞ்ச்தான் போட வேண்டும், அரை இஞ்சில் எலி வரும். இந்தச் சிக்கலுக்குத்தான் அப்பா சொன்ன தகரம். ஆங்கிள் கம்பியில் இரண்டரை அடி உயரத்துக்கு நாலு கால் வைத்து, ஒவ்வொரு காலிலும் நடுவில் எண்ணெய் டின்னை வெட்டி ஒரு அடி அகலத்துக்கு மழமழவென்று சுற்றி ஆணி தெரியாமல் இறுக்கினேன். சுண்டெலி ஒரு அடி உயரம் எகிறும், அதனால் தகரத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேலே இருக்கவேண்டும், எச்சத் தட்டும் அதற்கு மேலேதான். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தேன். தண்ணீர்க் குழாய், துணிக்கொடி, தார்ப்பாய்க் கயிறு எதுவும் கூண்டைத் தொடக்கூடாது. கொடியில் காயப்போட்ட சேலை முந்தானை கூண்டின் மேல் விழுந்து கிடந்த ஒரு ராத்திரியில் திரும்பவும் எலி வந்தது, அந்த அளவுக்கு அது தேடிக்கொண்டே இருக்கும். காலின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தது எறும்புக்காக.

தீவனத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று இஞ்ச் பிவிசி பைப் இரண்டடி வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, மேலே நீளவாக்கில் இரண்டு விரல்கடை அகலத்துக்கு வெட்டினேன். அதைக் கூண்டுக்கு வெளியே, காடையின் முதுகு உயரத்தில் கட்டினேன். தலையை மட்டும் நீட்டித் தின்பதற்காக அந்தப் பக்கக் கம்பியை வரிசையாக ஒன்றே கால் இஞ்ச் அகலத்துக்கு வெட்டிவிட்டேன், ராத்திரி அந்த வரிசைக்கு மேல் தகர மூடி இறங்கும். பைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. இதெல்லாம் செய்தும் 60 கிராம் சிந்தியது. கடைசியில் மிச்சமிருந்த அரை இஞ்ச் மெஷ்ஷைப் பட்டையாக வெட்டித் தீவனத்தின் மேலேயே படுக்கப் போட்டேன், தீவனம் இறங்க இறங்க அதுவும் இறங்கும். கண் வழியாகக் கொத்தலாம், வீசி அடிக்க முடியாது. மறுநாள் சேலையில் 15 கிராம்கூட இல்லை. காசே செலவில்லாத அந்தக் கம்பித் துண்டுதான் நான் செய்ததிலேயே பெரிய வேலை.

அப்புறம் ராத்திரிப் பழக்கம். காடை இருட்டில் தின்னாது, அதனால் ராத்திரி வைக்கிற தீவனம் முழுக்க எலிக்குத்தான். முட்டைக்காக நாளுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும் என்பதால் சாயங்காலம் எட்டரை வரை ஒரு சின்ன எல்இடி பல்பு எரியும். அணைக்கும்போது பைப்பைக் கழற்றி மிச்சத்தை டின்னில் கொட்டி மூடுவேன். முட்டையை ஆறரைக்கே எடுத்துவிடுவேன், விட்டால் பெரிய எலி முட்டையையும் உருட்டிக்கொண்டு போகும். கிளிஞ்சல் பொடி மட்டும் ஒரு கொட்டாங்குச்சியில் எப்போதும் உள்ளே இருக்கும், அதை எலி சீண்டாது. தண்ணீருக்கு நிப்பிள், அதாவது கொத்தினால் தண்ணீர் விடும் சின்னக் குழாய் முனை. அது சும்மா சொட்டுகிறதா என்று தினமும் விரல் வைத்துப் பார்க்கவேண்டும், சொட்டினால் ஈரம், ஈரத்தில் நாற்றம், நாற்றம் வந்தால் பெரியம்மா.

தீவனச் சாக்கு இப்போது மாடிக்கே வருவதில்லை. 15 கிலோ எண்ணெய் டின் பழசு இரண்டு, தலைக்கு 10 கிலோ தீவனம் பிடிக்கிறது, இறுக்கமான மூடியோடு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. 20 கிலோவாக வாங்கினால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் அதிகம்தான், ஆனால் மூட்டையாக வாங்கி இரண்டரை மாதம் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அந்தத் தீவனத்தைத் தின்றால் காடை ஒவ்வொன்றாகச் சுருண்டு விழும். 20 கிலோ எனக்கு 40 நாள் வருகிறது.

எச்சத் தட்டில் தென்னைநார்த் தூள் ஒரு விரல்கடை, இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். அதைச் செடிக்கு நேராகப் போடாதீர்கள், வேர் கருகிவிடும். மூடி போட்ட பக்கெட்டில் இரண்டு மாதம் மக்கவைத்துப் போட்ட பிறகு கறிவேப்பிலை எப்படித் தழைத்தது என்று பெரியம்மாவே வந்து பார்த்தார், மறு வாரம் அவருடைய துளசிக்கும் வாங்கிக்கொண்டார்.

ஏற்கெனவே குடியேறிய எலியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். விஷம் வைக்கச் சொன்னார்கள், வைக்கவில்லை. விஷம் தின்ற எலியைப் பூனையோ கூகையோ தின்றால் அதுவும் சாகும், எலி அந்தக் கட்டியைத் தீவனப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாலும் வரும். பசை அட்டை ஒரே ஒரு தடவை வைத்தேன். காலையில் போனால் ஒரு அணில் பிள்ளை, வயிறு முழுக்க ஒட்டிக்கொண்டு, கத்தக்கூட முடியாமல் கிடந்தது. தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றி அரை மணி நேரம் விரலால் தேய்த்துப் பிரித்தெடுத்தேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் அன்றைக்கு முழுக்கத் தைக்க உட்கார முடியவில்லை. அதற்கப்புறம் பழைய மரப் பொறிதான், சுட்ட தேங்காய்ச் சில்லோ நெத்திலிக் கருவாடோ வைத்து, சுவரை ஒட்டி, வாய் எலி ஓடி வருகிற வழியைப் பார்க்கிற மாதிரி. எலி நடுத் தரையில் ஓடாது, சுவரை உரசித்தான் ஓடும். தீவனம் சிந்துகிற வரை பொறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சிந்தாமல் செய்த ஒரு வாரத்தில் பசி தாங்காமல் ஐந்து விழுந்தன. வரிசை இதுதான், முதலில் சாப்பாட்டை நிறுத்தவேண்டும், அப்புறம் பொறி. நாள் கடத்தவும் கூடாது, சுண்டெலி மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். புழுக்கை கிடந்த இடத்தைச் சும்மா பெருக்காதீர்கள், தூசி பறக்கும், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைக்கவேண்டும். எலி மூத்திரத்தில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம், கூண்டு வேலை செய்கிற கையில் கீறல் இல்லாத நாளே கிடையாது.

செலவைக் கேட்பவர்களுக்கு: மெஷ், ஆங்கிள், வெல்டிங் கூலி, பைப், டின் எல்லாம் சேர்த்துப் புதுக் கூண்டு 2,300 ரூபாய் ஆனது. முதலில் கோழி வலைக் கூண்டுக்கு 700 ரூபாய் போட்டது வீண். ஒரு நாள் தீவனம் 21 ரூபாய், முட்டை 15, வீட்டுக்கு ஐந்து எடுத்துக்கொண்டு பத்தைத் தெருவிலேயே மூன்று ரூபாய்க்குக் கொடுக்கிறேன். பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 19 காடையில் தீவனக் காசு திரும்பி வரும், பிள்ளைகளுக்கு முட்டை சும்மா கிடைக்கும், கையில் மாதம் 250 ரூபாய் போல நிற்கும். எனக்கு அது போதுமாக இருக்கிறது.

இப்போதும் வாரத்துக்கு ஒரு ராத்திரி, சுவர் ஓரமாகவும் கூண்டின் நாலு காலைச் சுற்றியும் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுக்கிறேன். காலையில் வெளிச்சம் சாய்வாக விழும்போது குனிந்து பார்த்தால் எல்லாம் தெரியும். போன வெள்ளிக்கிழமை தண்ணீர்க் குழாய்ப் பக்கமிருந்து பொட்டுப் பொட்டாகக் கால்தடம், நடுவில் வால் இழுத்த கோடு. வடகிழக்குக் கால் வரைக்கும் வந்து, தகரத்துக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, கிண்ணத்தில் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், அந்த இடத்தில் பொடி நனைந்திருந்தது. அப்புறம் திரும்பவும் சுவரோரமாகவே போய் மழைநீர்க் குழாயில் இறங்கியிருக்கிறது. மேலே 19-ம் இறகை உப்பிக்கொண்டு படுத்திருந்தன.

அந்தக் கிண்ணத் தண்ணீரில் இனி ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடவேண்டும்.